நாலு தீவட்டிச் சீட்டு

சிவகாசி
11.8.2025

அன்புள்ள ஹர்ஷினிக்கு,

போனில் பேசினால் நாலாவது வார்த்தையில் சண்டை வந்துவிடுகிறது, எழுதினால்தான் படிப்பேன் என்று சொல்லிவிட்டாய். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. சிரிக்காதே.

உன் 'யாளிமலை' பெட்டிகள் அத்தனையும் இன்று லாரி சர்வீஸில் ஏற்றியாகிவிட்டது. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தைச் சாமி முன் வைத்துக் கும்பிட்ட கையோடு உன் சீட்டுகளையும் மெஷினில் ஏற்றிவிட்டார்கள். நான் அப்போது ஊரில் இல்லை. சாத்தூரில் ஒரு தீப்பெட்டி லேபிள் ஆர்டருக்காக அலைந்துகொண்டிருந்தேன். அப்பாதான் கூடவே நின்று பார்த்துக்கொண்டார். திரும்பி வந்து கட்டுகளை நானே அடுக்கிப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் பெட்டியில் போட்டார்கள்.

விளையாட்டு எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. நாலு பேர் ஆட வேண்டும். நாலு பேரும் நாலு ஊரின் தலைவர்கள். மலைக்கு அடியில் யாளி தூங்குகிறது. அது விழித்துக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஓர் ஊரின் கிணறு அதற்குப் போக வேண்டும். யார் கிணறு என்பதை மலைமேல் உட்கார்ந்திருக்கும் முதுசபை தீர்ப்பு சொல்லும். நாம் மந்திரம் போடலாம், பறக்கும் பாறையில் ஏறலாம், சபையின் காலில் விழலாம். எதைச் செய்தாலும் ஒரு சுற்று தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஜெயிக்க ஒரே வழி அந்த நாலு தீவட்டிச் சீட்டு. ஆளுக்கொன்று கையில் வந்து, நாலு பேரும் ஒரே சுற்றில் இறக்கினால் சபை கவிழும். ஆனால் ஒருவருக்கொருவர் பேசக் கூடாது, சாடை காட்டக் கூடாது. மூன்று பேர் இறக்கி ஒருவர் பதுக்கினால் இறக்கிய மூன்று பேரின் கிணறும் போய்விடும். சரிதானே?

சபைத் தலைவரின் மீசையைப் பார்த்தால் ராஜபாண்டியன் பெரியப்பா மாதிரியே இருக்கிறது. தெரிந்து வரைந்தாயா, தானாக வந்ததா?

ஊரில் எத்தனையோ பிரஸ் இருக்கும்போது நம்மிடம் கொடுத்தாயே என்று அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று வருஷமாக மகள் வரவில்லை, மகளுடைய ஆர்டராவது வந்ததே என்கிறாள். சென்னையில் அந்த விளையாட்டுத் திருவிழா முடிந்ததும் எப்படிப் போனது என்று எழுது.

உன் அண்ணன்,
நவநீதகிருஷ்ணன்


சென்னை
1.9.2025

அண்ணனுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

நேற்று திருவிழாவில் எனக்கு ஆறு மேசை கொடுத்தார்கள். ஆறு மேசையிலும் யாளிமலை. காலையிலிருந்து ஆடினார்கள். ஒரு மேசையில்கூட யாரும் ஜெயிக்கவில்லை. புது விளையாட்டு, பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் நாலு காலேஜ் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். என்ன ஆட்டம் தெரியுமா! ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுக்காமல், தன் கிணற்றைக் கொடுத்து அடுத்தவன் கிணற்றைக் காப்பாற்றி, தீவட்டி வரும் வரும் என்று கடைசிச் சீட்டு வரை காத்திருந்தார்கள். வரவில்லை. கடைசிக் கிணறும் போனது.

அதில் தருண்குமார் என்ற பையன் மொத்தக் கட்டையும் மேசையில் கவிழ்த்துத் தேடினான். "தீவட்டி எங்கங்க? விதித்தாள்ல நாலு இருக்குன்னு போட்டிருக்கே?" என்றான். நானும் தேடினேன். அடுத்த மேசைக் கட்டைப் பிரித்தேன். சீல் உடைக்காத பெட்டியைப் பிரித்தேன். அண்ணா, எதிலும் தீவட்டி இல்லை. அந்த நாலு சீட்டுக்குப் பதில் நாலு மழைச் சீட்டு கூடுதலாக இருக்கிறது. மழைச் சீட்டு என்ன செய்யும் என்று உனக்குத் தெரியுமே! மழை வந்தால் அந்தச் சுற்றில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், சபைத் தீர்ப்பு அப்படியே நிற்கும். ஆக, ஜெயிக்கும் வழியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தோற்கும் வழியை வைத்திருக்கிறீர்கள்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் நின்ற ஒருவர் சொன்னார், "இல்லாததுதான்யா விஷயமே! சட்டத்துல இருக்கும், கையில வராது. நாம என்ன செஞ்சாலும் மேல இருக்கிறவன்தான் ஜெயிப்பான். என்ன துணிச்சல்!" உடனே கைதட்டினார்கள். அரங்கு முழுக்கக் கைதட்டியது. ஓர் அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலத்தின் உண்மையைச் சொல்லிவிட்டீர்கள்" என்றார்.

நான் சொன்னது அது இல்லையே! இரண்டு வருஷம் ராத்திரி பகல் பாராமல் உட்கார்ந்து அதற்கு நேர் எதிரானதைத்தான் சொல்ல முயன்றேன். நாலு பேர் துணிந்தால் நடக்கும் என்பதைத் தவிர அந்தப் பெட்டிக்குள் வேறு ஒன்றுமே இல்லை.

அடுக்கிப் பார்த்துச் சரி சொன்னது நீ. என் சீட்டு எங்கே?

ஹர்ஷினி


சிவகாசி
5.9.2025

அன்புள்ள ஹர்ஷினிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. மிச்சமிருந்த கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். நீ சொன்னது உண்மைதான்.

மெஷின்மேன் காளீஸ்வரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். "மொதலாளிதான் மாத்தச் சொன்னாக அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்" என்றான். அப்பாவிடம் போனேன். அவர் மறைக்கவே இல்லை. மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

தீவட்டிச் சீட்டில் நீ என்ன வரைந்திருந்தாய் என்று யோசித்துப் பார். மண்டபம் பற்றி எரிகிறது, ஆட்கள் ஓடுகிறார்கள். ஆடிப்பெருக்கன்று, மஞ்சளும் குங்குமமும் வைத்த மெஷினில், புதுக் காலண்டர் சீசனின் முதல் ஷீட்டாக அது வந்து நிற்கிறது. காளீஸ்வரன் அந்த அச்சு பிளேட்டைத் தொட மாட்டேன் என்றிருக்கிறான். "சாமி கும்பிட்ட கையோட எரியுற கட்டடத்த எப்படி மொதலாளி அடிக்க? எம் பொண்டாட்டி மருந்துக் கம்பெனிக்குல்லா வேலைக்குப் போறா" என்றானாம். அவள் போவது பெரியப்பாவின் பட்டாசு ஃபேக்டரிக்குத்தான், ஏழாயிரம்பண்ணைப் பக்கம். தீபாவளி சீசன் நேரம் வேறு. அப்பா என்ன செய்வார்? அந்த நாலு சீட்டையும் கம்ப்யூட்டரில் எடுக்கச் சொல்லிவிட்டார்.

எடுத்தால் இடம் காலியாக இருக்குமே. அப்போது அம்மா காப்பி கொண்டு வந்திருக்கிறாள். எதை வைக்க என்று அப்பா கேட்டதும், "மழைய வைங்க, மழை நல்லதுதான" என்றாளாம். வானம் பார்த்த பூமியான ஆமத்தூர்க்காரி வேறு என்ன சொல்வாள்? அவள் பிறந்த ஊரில் மழையை வேண்டாம் என்று சொன்ன ஆள் உண்டா? மகள் விளையாட்டுக்கு மழை பெய்யட்டும் என்று மனசாரத்தான் வைத்திருக்கிறாள்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். "நாலு படத்துக்கு என்னலே பஞ்சாயத்து" என்றார்.

அடுக்கிப் பார்த்தது நான்தான், மறுக்கவில்லை. ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்க்க முடியாது, பக்கவாட்டில் விளிம்பு நிறத்தை வைத்துத்தான் எண்ணுவோம். தீவட்டிக்குச் சிவப்பு விளிம்பு, மழைக்குப் பச்சை விளிம்பு. எனக்குச் சரியாக இருந்ததுபோல்தான் தெரிந்தது.

இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. எல்லாப் பெட்டிக்கும் புதுச் சீட்டு அடித்து அனுப்புகிறேன். எரியாத படமாக ஒன்று வரைந்து கொடு.

நவநீதன்


சென்னை
10.9.2025

அண்ணனுக்கு,

படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதலில் சிரித்தேன். பக்கத்து அறைப் பெண் வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

ஒரு கற்பனை நாட்டில், நானே உண்டாக்கிய மலையில், நானே உட்கார வைத்த சபையை நாலு பேர் சேர்ந்து கவிழ்க்கலாம் என்று எழுதினால், அதற்கும் நம் வீட்டில் ஒரு கூட்டம் கூடி, வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். வழக்கம்போல எனக்குச் சொல்லவில்லை. காப்பி வந்ததாம், முடிவு வந்ததாம். காப்பி வரும்போதுதான் நம் வீட்டில் எல்லா முடிவும் வரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரியப்பா வீட்டு முன்ஹாலில் என்ன நடந்தது என்பதை நான் இதுவரை உன்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பிரஸ்ஸை இனி யார் பார்ப்பது என்று பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். அச்சுத் தொழிலைப் படித்தவள் நான். மை கலக்கத் தெரிந்தவள் நான். பெரியப்பா என் தட்டிலிருந்து காப்பியை எடுத்துக்கொண்டே, "பொம்பளப் பிள்ள நாளைக்குப் போற எடத்துக்குப் போயிரும். பிரஸ் நவநீதனுக்குத்தான்" என்றார். அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். நீ கைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் தட்டை உள்ளே கொண்டு வைத்துவிட்டு, அந்த வாரமே சென்னைக்கு பஸ் ஏறினேன்.

உனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான், நவநீதா! பழுத்த தக்காளிக்கும் காய்க்கும் வித்தியாசம் தெரியாமல் நீ கூடையில் அள்ளியதைப் பார்த்து, எட்டு வயதில் நான்தான் கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லாதே என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாய். மேப்புக்குக் கலர் அடிக்கும்போதெல்லாம் பென்சிலை எடுத்துக் கொடுத்தது நான். நிறம் தெரியாத ஒருவனிடம் ஒரு கலர் பிரஸ்ஸைத் தூக்கிக் கொடுத்தார்கள், அது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். கடைசியில் சிவப்பு போய்ப் பச்சை வந்ததும் உன் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவர்கள் எடுத்த முடிவு இன்றைக்கு என் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்னும் ஒரு கூத்து இருக்கிறது. எழில் என்று ஒருவர், பெரிய விளையாட்டுக் கம்பெனி நடத்துகிறார். யாளிமலையை வாங்கிக்கொள்கிறேன், நாடு முழுக்கக் கொண்டு போகிறேன் என்கிறார். ஒரே நிபந்தனை, தீவட்டியைத் திரும்ப வைக்கக் கூடாது. விதித்தாளில் அது இருக்க வேண்டும், கட்டில் இருக்கக் கூடாது. நான் விழித்ததைப் பார்த்து, "அதுதாங்க இதோட உயிரே" என்கிறார். என் பெயரில், என் வாயால், நீங்கள் என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாது என்று ஊர் ஊராகச் சொல்ல வேண்டுமாம்.

அக்டோபர் பத்தாம் தேதி பதில் சொல்ல வேண்டும்.

ஹர்ஷினி


சிவகாசி
18.9.2025

அன்புள்ள ஹர்ஷினிக்கு,

நீ எழுதியது எல்லாம் சரி. ஆனாலும் ஒப்புக்கொள் என்றுதான் சொல்வேன்.

கோபப்படாமல் கேள். தோற்கும் வழி என்று நீ சொல்வதை ஆறு மேசை ஆட்களும் உண்மை என்று சொல்லிக் கைதட்டினார்கள் அல்லவா, அவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆடுகிறவன் எந்தச் சீட்டை எடுத்தாலும் கட்டை அடுக்கினவன் ஒருத்தன் இருக்கிறான். அடுக்கினவனுக்கும் மேலே அச்சடித்தவன் இருக்கிறான். அவனுக்கும் மேலே ஆடிப்பெருக்கு இருக்கிறது. காளீஸ்வரன் பிளேட்டைத் தொட மாட்டேன் என்றது அவன் எடுத்த முடிவா? ஃபேக்டரி வேனில் ஏறும்போது எரிவது, வெடிப்பது என்ற வார்த்தையையே வாயில் எடுக்காத ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறவன் வேறு என்ன சொல்லியிருப்பான்? அப்பா கெட்டவர் இல்லை, அம்மாவும் இல்லை. ஒருத்தர்கூடக் கெட்டது நினைக்கவில்லை. ஆனால் நடந்தது என்னவோ நடந்துவிட்டது. உன் முதுசபையைவிடப் பெரிய சபை இது.

நீ என்னைப் பற்றி எழுதியதும் சரி. காளீஸ்வரன் ஒவ்வொரு ஷீட்டையும் என் முன்னால் பிடித்து, "செவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, என்ன அண்ணாச்சி?" என்று கேட்பான். நான் ஆமாம் கொறச்சிரு என்பேன். இப்படித்தான் மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன். பல நாள் காலையில் பிரஸ் வாசலில் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவேன்.

இந்த நாற்காலியை நான் கேட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயா? எனக்கு அது வேண்டவே வேண்டாம், ஹர்ஷினி. அன்றைக்கும் வேண்டாம், இன்றைக்கும் வேண்டாம். லேபிள் ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகச் சுற்றச் சொல், சந்தோஷமாகச் சுற்றுவேன். ஆனால் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியதால் என்ன மாறிவிட்டது?

எழிலிடம் கையெழுத்துப் போட்டுவிடு. நீயாவது ஜெயி.

நவநீதன்


சென்னை
24.9.2025

அண்ணா,

வேண்டாம் என்று இருந்ததா உனக்கு? மூன்று வருஷமாக, என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று உன்னைத் திட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். பொங்கலுக்கு நீ அனுப்பிய சேலையைக் கட்டாமல் வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலத்தை அப்படியே பக்கத்து அறைக்குக் கொடுத்திருக்கிறேன். நீயோ வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தாயாம்!

அப்படியென்றால் அந்த ஹாலில் ஏன் வாயைத் திறக்கவில்லை? எனக்குக் கண் இப்படி, தங்கச்சிக்குக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை.

போகட்டும். நீ சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது. வேண்டாதவனுக்குக் கொடுத்தார்கள், வேண்டியவளுக்கு இல்லை என்றார்கள், இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தோம். இந்த லட்சணத்தில் நாலு பேர் சேர்ந்தால் சபை கவிழும் என்று ஊருக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பத்தாம் தேதி கையெழுத்துப் போடுகிறேன். தீவட்டியை மறந்துவிடு. பிளேட் ஏதும் போட வேண்டாம்.

ஹர்ஷினி


சிவகாசி
3.10.2025

ஹர்ஷினிக்கு,

கையெழுத்துப் போடாதே. முதலில் இதைப் படி.

முந்தாநாள் ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, பொரி கடலை வைத்துக் கும்பிட்டு, ஆட்களை அனுப்பிவிட்டோம். அன்றைக்கு மெஷினைத் தொடக் கூடாது. சும்மா உட்காரத் தெரியாத மனிதர் நம் அப்பா, ஆபீஸ் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். நான் உன் பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்தேன். "வாங்கப்பா, உங்க மக என்ன செஞ்சிருக்கான்னு பாருங்க" என்றேன். அம்மாவும் உட்கார்ந்தாள். நாலாவது ஆள் வேண்டுமே என்று, கிளம்பிக்கொண்டிருந்த காளீஸ்வரனை உன் இடத்தில் உட்கார வைத்தேன்.

முதல் ஆட்டம், நாம் அச்சடித்த கட்டோடு. அப்பா எப்படி ஆடினார் என்று நீ பார்த்திருக்க வேண்டும். வியாபாரி மூளை. மந்திரத்தை மிச்சம் பிடித்தார், பறக்கும் பாறையை அம்மாவிடம் கைமாற்றினார். ஆனாலும் கிணறு கிணறாகப் போனது. கடைசியில் சீட்டை மேசையில் எறிந்துவிட்டு, "என்னலே ஆட்டம் இது? நாம எம்புட்டு யோசிச்சு ஆடுனாலும் மேல இருக்கவனுகளே செயிக்கானுக! வெளங்காத ஆட்டம்!" என்று கத்தினார். முகமெல்லாம் சிவந்துவிட்டது என்று அம்மா சொன்னாள்.

"செயிக்கிற சீட்டு நாலு இருந்துச்சுப்பா. நீங்கதான் எடுத்துட்டீக" என்றேன்.

அப்பா எறிந்த சீட்டுகளைத் திரும்பப் பொறுக்கினார். "அத வச்சு ஆடுவோம்" என்றார். வெள்ளை அட்டையில் நாலு வெட்டி, தீவட்டி என்று பேனாவால் எழுதினேன். படம் இல்லை, நிறம் இல்லை. கூடுதல் மழையை எடுத்துவிட்டுக் கலைத்துப் போட்டேன்.

இரண்டாவது ஆட்டத்தில் என் கைக்கு ஒரு தீவட்டி வந்தது. இறக்கலாமா என்று மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். யார் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. நான் மட்டும் இறக்கினால் கிணறு போய்விடும், அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டேன். அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று என்று போய், கடைசிக் கிணறும் போய்விட்டது. தோற்றோம்.

"தீவட்டி வரவே இல்லியா யாருக்கும்?" என்று அப்பா கேட்டுக்கொண்டே தன் கையைத் திருப்பினார். அவரிடம் ஒன்று இருந்தது. அம்மா திருப்பினாள், ஒன்று. காளீஸ்வரன், ஒன்று. நான். நாலும் நாலு பேர் கையில் இருந்திருக்கிறது, ஹர்ஷினி. எத்தனையோ சுற்றாக.

அம்மாதான் சீட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "அன்னைக்கு மூத்தவுக வீட்லயும் இப்படித்தான இருந்தோம்."

"என்னத்த?" என்றார் அப்பா.

"நவநீதனுக்குக் கலர் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சட்டையெல்லாம் நான்தான எடுத்து வைக்கேன், எனக்குத் தெரியாதா? சபையில எம் புள்ளைய எப்படிக் கொறச்சுச் சொல்லன்னு நின்னுட்டேன். நீங்களாச்சும் பிரஸ்ஸ மகளுக்குக் கேப்பீகன்னு பாத்தேன்."

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்குத் தெரியுமா?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பத்து வயசுல நீ மை டப்பாவ மாத்தி எடுத்துக் குடுத்தியே, அன்னைக்கே எனக்குத் தெரியும்லே. ஒனக்குப் பொண்ணு பாக்கணுமேன்னு வெளிய சொல்லல. எங்க அண்ணன், பிரஸ் ஒனக்குன்னதும் நீயே எந்திரிச்சு வேண்டாம்பேன்னு இருந்தேன். நீ பேசல. அந்தப் புள்ளையும் எனக்கு வேணும்னு கேக்கல. தட்டத் தூக்கிட்டு உள்ள போயிட்டா. சரி, அவளுக்கும் வேண்டாம் போலன்னு விட்டுட்டேன்."

காளீஸ்வரன் எழுந்து, "நான் டீ வாங்கிட்டு வாரேன் மொதலாளி" என்று போய்விட்டான். திரும்பி வரவே இல்லை.

அப்பாவும் உன் பக்கம்தான் இருந்தார், ஹர்ஷினி. அம்மாவும் உன் பக்கம். நானும். நாலு பேரும் ஒரே விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்து, அடுத்தவர் வாயைப் பார்த்தபடி அந்த ஹாலில் இருந்திருக்கிறோம். பெரியப்பாவை எதிர்த்து யாரும் பேசவில்லை என்பதால் அவர் சொன்னது தீர்ப்பாகிவிட்டது. பாவம், அவருக்கு என் கண் விஷயம் இன்னும் தெரியாது.

நான் போன கடிதத்தில் எழுதிய வியாக்கியானத்தையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு.

நவநீதன்


சென்னை
11.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். என் பஸ் வந்து போனது தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரியுமா? அம்மாவுக்குமா? ஒவ்வொரு தீபாவளிக்கும் உன் சட்டையை எடுத்து வைத்தவள் அவள் என்பது ஏன் என் மண்டைக்கு எட்டவில்லை?

அன்றைக்கு என் கையிலும் அந்தச் சீட்டு இருந்தது. உன் குறையைச் சொல்லித்தான் எனக்கு பிரஸ் கிடைக்குமென்றால் அப்படி ஒரு பிரஸ் வேண்டாம் என்று நினைத்தேன். அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டேன். ஆனால் உன் கண்ணை இழுக்காமலே, எனக்கு இது வேண்டும் என்று கேட்டிருக்கலாமே. அப்பா அதற்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் கேட்கவில்லை. காப்பித் தட்டு கையில் இருந்தது, அது சிந்திவிடக் கூடாது என்பதில்தான் கவனமாக இருந்தேன்.

நேற்று எழிலிடம் போனேன். தீவட்டியோடு என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். ஜெயிக்க முடிகிற விளையாட்டு சந்தையில் ஆயிரம் இருக்கிறது என்றார். எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்து பார்த்தால் எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது. ரெண்டு பரோட்டா சாப்பிட்டேன்.

ராத்திரி விதித்தாளை எடுத்துவைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தேன். ஆடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் பேசக் கூடாது, சாடை காட்டக் கூடாது என்ற விதியை யார் போட்டது? முதுசபையும் இல்லை, பெரியப்பாவும் இல்லை, ஆடிப்பெருக்கும் இல்லை. நான்தான் போட்டேன். அது இல்லாவிட்டால் விளையாட்டு ரொம்பச் சுலபமாகிவிடும் என்று நினைத்துப் போட்டேன். பேசாமல் இருப்பதும் ஒரு விதி என்று நான் எங்கே படித்தேன் என்று உனக்குத் தெரியும். அந்த வரியை அடித்துவிட்டேன்.

இதோடு புதுச் சீட்டின் படம் இருக்கிறது. தீ இல்லை, காளீஸ்வரனிடம் சொல்லிவிடு, அவன் மனைவிக்கும் காட்டச் சொல். ஒரு ஹால். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். காப்பித் தட்டு தரையில் இருக்கிறது. அதைக் கொண்டு வந்தவள் நிமிர்ந்து நிற்கிறாள், வாய் திறந்திருக்கிறது. சீட்டின் பெயர் தீவட்டி இல்லை, 'நான் சொல்கிறேன்.' விளிம்புக்கு நிறம் வேண்டாம், நாலு பட்டைக் கோடு போட்டிருக்கிறேன். உனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். தீபாவளி வரை இருப்பேன், அதற்குப் பிறகும் இருக்க வேண்டியிருக்கலாம். சனிக்கிழமை பெரியப்பா வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டு வை. நாலு பேரும் போகிறோம். யார் முதலில் பேசுவது என்று வழியிலேயே பேசி முடித்துக்கொள்ளலாம், இப்போதுதான் பேசலாமே. அம்மாவிடமும் சொல்லிவிடு, அங்கே காப்பியைப் பெரியம்மாவே கொண்டு வரட்டும். நான் உட்கார்ந்திருப்பேன்.

உன் தங்கை,
ஹர்ஷினி